எழுந்திரிக்க முடியலங்க

மார்கழிப் பட்டத்துல போட்ட வேர்க்கடலைக்கு முதல் களை முந்தாநேத்துதான் முடிஞ்சது. ஆறு பொம்பளை ஆளுங்க, ரெண்டு நாள் வேலை. களை எடுத்து முடிச்ச கொல்லையை வரப்புல நின்னு பாத்தா மனசுக்கு ஒரு தெளிவு வரும், விவசாயம் பண்றவங்களுக்குத் தெரியும். எனக்கு மட்டும் சில வருஷமா அந்த நேரத்துல வேற ஒண்ணு ஞாபகம் வருது. எழுதிடலாமான்னு எங்க வீட்ல கேட்டேன். "என் பேரைப் போடாம எழுதிக்கோங்க"ன்னா. அதனால பேர் இல்ல.

2022, தை மாசம். இதே கொல்லை, இதே களை. வேர்க்கடலைக்குக் களை எடுக்கறதை நீங்க பாத்திருக்கீங்களான்னு தெரியல. குந்திக்கினு, கையில களைக்கொத்தை வெச்சு கொத்திக்கிட்டே, குந்தினபடியே நகர்ந்து போகணும். பாத்தி முடிஞ்சா எழுந்து அடுத்த பாத்தி. கூலிக்கு வந்தவங்கள்லாம் முன்னாடி போயிட்டாங்க. இவ மட்டும் பாதிப் பாத்தியிலயே குந்திக்கினு இருக்கறா. எனக்குக் கோபம். அன்னிக்கு மோட்டாருக்கு கரண்ட்டு வேற சரியா இல்ல.

"இன்னாமே, கூலிக்கு வந்தவங்க வரப்புல நிக்கறாங்க, நீ இங்கயே குந்திக்கினு கீற? ராத்திரி பூரா தூங்கினது பத்தலையா?"

"எழுந்திரிக்க முடியலங்க."

அவ்வளவுதான் சொன்னா. அப்புறம் களைக்கொத்தைக் கீழ வெச்சுட்டு, ரெண்டு கையையும் தரையில ஊனி, முட்டி போட்டு, பின்னாடி தொடையைக் கையால புடிச்சுப் புடிச்சு மேல ஏறினா. தன் காலையே ஏணியாக்கி ஏறின மாதிரி. ஆளுங்க சிரிச்சாங்க. "இன்னா அக்கா, அதுக்குள்ள ஆயா ஆயிட்டியா?" அவளும் சிரிச்சா. அப்ப அவளுக்கு வயசு நாப்பத்தி மூணு.

நான் சோம்பேறின்னுதான் நினைச்சேன். ஒத்துக்கறேன். நினைச்சதுக்குக் காரணமும் இருந்தது. சாயங்காலம் வந்து உக்காந்தா கீரை ஆயறா, முல்லைப்பூ சரசரன்னு கட்டறா, கொழம்புக்குப் புளி கரைக்கறா. விரல் வேலை எல்லாம் ஓடுது. எழுந்துக்கற வேலை, தூக்கற வேலை, ஏறுற வேலை மட்டும் நடக்க மாட்டேங்குது. வேணும்னே பண்றவ மாதிரி இல்ல இருக்குது? மாமியாரா இருந்தா என்ன சொல்லியிருப்பாங்க? எங்க அம்மா சொல்லவும் செஞ்சாங்க.

பின்னாடி யோசிச்சுப் பாத்தா, அது தையில ஆரம்பிக்கல. 2021 நவம்பர்ல பாலாத்துலயும் செய்யாத்துலயும் வெள்ளம் போனதை டிவியில பாத்திருப்பீங்க. ஏரியைப் பாத்துக்க தனியா வாரியம் வெச்சதைக் கல்வெட்டுல வெட்டி வெச்ச ஊர் எங்க உத்திரமேரூர். அந்த வருஷம் சுத்துப்பட்டு ஏரியெல்லாம் கலங்கல் போச்சு. சம்பாப் பயிர் தண்ணியில. நாங்க வரப்பை வெட்டிவிட்டுக்கிட்டு கழனியிலயே கிடந்தோம். அப்பவே சொன்னா, "கொடியில துணி போட கை தூக்க முடியல"ன்னு. மண்வெட்டி புடிச்சதுன்னு நினைச்சோம். அப்புறம் தலை பின்ன முடியல, பொண்ணு பின்னிவிட்டா. புல்லுக்கட்டை இடுப்பு வரைக்கும் தூக்குவா, அதுக்கு மேல கை போகாது, சும்மாடு தலையில இருக்க கட்டு கீழ விழும். பஸ்ல ஏற முடியல. அரசு பஸ்ஸோட முதல் படி என்ன உயரம்னு உங்களுக்கே தெரியும். பின்னாடி நின்னு நான் தள்ளி விடுவேன். கண்டக்டர், "சீக்கிரம் ஏறும்மா"ம்பார்.

வலின்னு அவ சொன்னதில்ல. அதுதான் எங்களை ஏமாத்திடுச்சு. வலிச்சா ஆஸ்பத்திரிக்குப் போவோம். பலம் இல்லன்னா சத்து இல்லன்னு ரெண்டு முட்டை சேத்துக் குடுப்போம்.

தோல்லயும் இருந்தது. கண் இமை மேல கத்திரிப்பூ நிறத்துல ஒரு கருமை, லேசா வீங்கின மாதிரி. கழுத்தைச் சுத்தியும் தோள்லயும் சிவந்து கருத்து அரிக்கும். விரல் முட்டி ஒவ்வொண்ணு மேலயும் சொரசொரன்னு தடிப்பு. இமைக்கு வெய்யிலு, கழுத்துக்கு வேர்க்குரு, விரலுக்கு சேத்துப்புண்ணு. எங்க ஊர்ல எல்லாத்துக்கும் ஒரு காரணம் தயாராவே இருக்கும். சேத்துப்புண் விரல் இடுக்குல வரும், முட்டி மேல வராதுன்னு எனக்குத் தெரியாதா? தெரியும். பாக்கல.

மாசி மாசம் ஒரு டாக்டர்கிட்ட காட்டினோம். எந்த ஊர், யாருன்னு வேணாம், அவரைக் குறை சொல்லி என்ன ஆகப்போகுது. ரத்தம் பாத்தாங்க. எஸ்.ஜி.ஓ.டி., எஸ்.ஜி.பி.டி. ரெண்டும் ஏறியிருந்தது. "லிவர் கொஞ்சம் கெட்டிருக்கு, காமாலை ஆரம்பமா இருக்கலாம்"னு சொல்லி மாத்திரை எழுதினாங்க. காமாலைன்னு காதுல விழுந்தா கிராமத்துல சும்மா இருப்பாங்களா? கீழாநெல்லி அரைச்சு மோர்ல கலந்து வெறும் வயித்துல. எண்ணெய் இல்லாத சாப்பாடு, உப்பு கம்மி, கறி மீன் கிடையாது. நாப்பது நாள் கிட்ட ஓடிடுச்சு. கண்ணு மஞ்சளா இல்ல, மூத்திரம் மஞ்சளா இல்ல. ஆனா ரிப்போர்ட்டுல இருக்குதே!

அந்த ரெண்டு என்சைமும் ஈரல்ல மட்டும் இருக்கறது இல்ல, தசையிலயும் இருக்குது, தசை உடைஞ்சாலும் அது ரத்தத்துல ஏறும்னு பின்னாடிதான் தெரிஞ்சுகிட்டேன். பலம் போறதோட சேர்ந்து இந்த ரெண்டும் ஏறியிருந்தா, ஈரலோட நிறுத்தாம சி.பி.கே.ன்னு இன்னொரு டெஸ்ட்டையும் பாக்கணும். அது தசைக்கான கணக்கு. லேப்ல எழுதற சாதாரண அளவு ஏறக்குறைய 200க்குள்ள இருக்கும். இவளுக்குப் பாத்தப்ப 6,800ஐத் தாண்டியிருந்தது. நாப்பது நாளும் அவ ஈரல் நல்லாத்தான் இருந்திருக்குது. தசைதான் கரைஞ்சுகினு இருந்திருக்குது, நான் கீழாநெல்லி பறிச்சுகினு இருந்தேன்.

பங்குனியில சாப்பாடு தொண்டையில நிக்க ஆரம்பிச்சது. சோறு முழுங்கறப்ப புரையேறும். ஒரு நாள் தண்ணி குடிச்சது மூக்கு வழியா வந்துடுச்சு. பேச்சு மூக்கால பேசற மாதிரி ஆயிடுச்சு. முழுங்கறதும் தசைதான்னு அப்ப யாருக்குத் தோணுச்சு? எனக்குத் தோணினதெல்லாம் ஒண்ணே ஒண்ணு, தொண்டையில கட்டி. பயந்து ராத்திரியே அவசரத்துக்கு ஒரு ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போனோம்.

அங்க ட்யூட்டியில இருந்தது ஒரு சின்னப் பையன். என் பொண்ணை விட ரெண்டு மூணு வயசு கூட இருக்கும். கையைப் பாத்தார், விரல் முட்டியைப் பாத்தார், இமையைப் பாத்தார். அப்புறம் கேட்டார், "அம்மா, கீழ உக்காந்து, கையை ஊனாம எழுந்திருங்க பாக்கலாம்." உக்காந்தா. எழுந்திரிக்க முடியல. கொல்லையில பண்ண மாதிரியே தொடையைப் புடிச்சுப் புடிச்சு ஏறினா. அந்தப் பையன் சிரிக்கல. கையை மேல தூக்கச் சொல்லி லேசா அமுக்கிப் பாத்தார், கை பொத்துனு விழுந்தது. "எவ்வளவு நாளா இப்படி?"ன்னு என்னைக் கேட்டார். நான் அவளைப் பாத்தேன். அவ தரையைப் பாத்தா.

செங்கல்பட்டு வரைக்கும் பஸ், அங்கிருந்து பீச் போற எலக்ட்ரிக் ட்ரெயின், பார்க் ஸ்டேஷன்ல எறங்கினா எதிர்லயே பெரியாஸ்பத்திரி. இதுதான் எங்க வழி. முதல் தடவை மட்டும் கார் வெச்சுக்கிட்டோம். ருமட்டாலஜின்னு ஒரு பிரிவு இருக்கறதே அன்னிக்குத்தான் எனக்குத் தெரியும். மூட்டு வாதம், லூப்பஸ் எல்லாம் அங்கதான் பாக்கறாங்க. வரிசையில நம்ம ஊர்ப்பக்கத்து ஜனம் எவ்வளவு இருக்குதுன்னா, திருத்தணி, மதுராந்தகம், வந்தவாசின்னு ஒவ்வொருத்தரும் ஒரு கதை வெச்சிருந்தாங்க.

தொடையில ஊசி குத்தி கரண்ட்டு எப்படி ஓடுதுன்னு பாத்தாங்க. எம்.ஆர்.ஐ. எடுத்தாங்க. தொடையில இருந்து துவரம்பருப்பு அளவு தசையை வெட்டி பயாப்சிக்கு அனுப்பினாங்க. டெர்மட்டோமயோசைட்டிஸ். தோலும் தசையும் சேர்ந்து அழற்சி ஆகறது. தோல் இல்லாம தசையை மட்டும் தாக்குற வகைகளும் உண்டாம், எல்லாத்துக்கும் பொதுப்பேர் மயோசைட்டிஸ்.

"நம்ம உடம்புல காவலுக்கு இருக்கற எதிர்ப்பு சக்தி, வெளிய இருந்து வர்ற கிருமியை அடிக்காம நம்ம தசையையே அடிக்குது"ன்னு டாக்டரம்மா விளக்கினாங்க. எனக்கு உடனே தோணினது காட்டுப்பன்னி வேலிதான். பன்னிக்குன்னு சில பேர் திருட்டுத்தனமா கரண்ட்டு கம்பி கட்டுவாங்க, கடைசியில வீட்டு மாடே அதுல மாட்டிக்கும். (கட்டாதீங்க, அது குத்தம், மனுஷனும் செத்திருக்கான்.) எதுக்கு இப்படி ஆவுதுன்னு கேட்டேன். இதுதான்னு ஒரு காரணத்தைக் காட்ட முடியாது, பொம்பளைங்களுக்கு ஆம்பளைங்களை விட அதிகம் வருது, தொத்திக்காதுன்னாங்க. இடுப்பு, தொடை, தோள், கழுத்துன்னு உடம்போட நடுப்பக்கத்துல இருக்கற பெரிய தசைகளைத்தான் முதல்ல புடிக்குமாம். விரல் தசை கடைசி வரைக்கும் ஓரளவு நல்லாவே இருக்கும். அதான் பூ கட்டினா. அதைக் கேட்டதும் எனக்குத் தலை நிமிரல.

அடுத்து சொன்னதுதான் எங்களைப் போட்டு அமுக்கிடுச்சு. பெரியவங்களுக்கு இந்த டெர்மட்டோமயோசைட்டிஸ் வந்தா, சில பேருக்கு உள்ளுக்குள்ள எங்கயாவது புத்துநோய் இருக்கலாம், அதையும் தேடிப் பாத்துடணும்னாங்க. எங்க பக்கத்துல "காரப்பேட்டைக்குப் போயிருக்காங்க"ன்னு சொன்னா ஒரே அர்த்தந்தான், காஞ்சிபுரம் காரப்பேட்டையில இருக்கற அண்ணா கேன்சர் ஆஸ்பத்திரி. மார்பு, கர்ப்பப்பை, வயிறு, நுரையீரல்னு ஒவ்வொரு ஸ்கேனா எடுத்து ரிசல்ட் வர்ற வரைக்கும் நாங்க ரெண்டு பேரும் அந்த ஊர்ப் பேரைச் சொல்லல. ஒண்ணும் இல்லன்னு வந்தது. நுரையீரல்ல அழற்சி இருந்தா இன்னும் ஆபத்து, அதுவும் இல்லன்னாங்க. வர்ற வழியில செங்கல்பட்டு பஸ் ஸ்டாண்டுல அவளுக்கு ஜவ்வரிசிக் கஞ்சி வாங்கிக் குடுத்தேன். முழுங்க அது ஒண்ணுதான் சுலபமா இருந்தது.

மருந்து ஸ்டீராய்டு. பிரெட்னிசலோன், அவ எடைக்கு ஏத்த மாதிரி தினமும் 50 மில்லி கிராம்ல ஆரம்பிச்சு, மாசக்கணக்குல கொஞ்சம் கொஞ்சமா கொறைச்சாங்க. கூடவே மெத்தோட்ரெக்சேட். இந்த மாத்திரையைப் பத்தி மட்டும் ஒண்ணு அழுத்திச் சொல்லணும். அது வாரத்துக்கு ஒரே ஒரு நாள் போடறது. தினமும் போட்டா உயிருக்கே ஆபத்து, ரத்த அணுவெல்லாம் இறங்கிடும். டாக்டரம்மா மூணு தடவை சொல்லி, என்னைத் திருப்பிச் சொல்லச் சொன்னாங்க. நான் நாள்காட்டியில ஞாயித்துக்கிழமை தாளையெல்லாம் மடிச்சு வெச்சேன். இன்னிக்கும் அந்த வழக்கம் உண்டு, தாள் கிழிக்கறப்ப மடிப்பு வந்தா மாத்திரை.

ஸ்டீராய்டுல மூஞ்சி ஊதிடுச்சு. பசி, தூக்கமில்ல, சக்கரை ஏறுச்சு. ஊர்ல எல்லாரும், "நல்லா சதை போட்டுட்டியே, உனக்கின்னா நோயி?"ன்னாங்க. பலம் வர்றதுக்கு முன்னாடி மூஞ்சி வந்துடுச்சு, அதான் கொடுமை. ஒரு கல்யாணத்துல சொந்தக்காரம்மா ஒருத்தங்க, "ஸ்டீராய்டா? கிட்னி போயிடும், நிறுத்து"ன்னு சொல்ல, இவ எனக்குத் தெரியாம ஒன்பது நாள் நிறுத்திட்டா. பத்தாம் நாள் மயக்கம், வாந்தி, நிக்க முடியல. மாசக்கணக்கா ஸ்டீராய்டு சாப்பிட்டா உடம்பு தானா சுரக்கறதை நிறுத்திடுமாம், திடீர்னு விட்டா உடம்பு கவுந்துடும். சொந்தக்காரம்மா மேல எனக்கு வந்த கோபம் இன்னும் முழுசாப் போகல. ஆனா களையெடுக்கற கொல்லையில நான் பேசினதை விடவா அவங்க பேசிட்டாங்க?

ஊர்ல இந்த நோய்க்குப் பேரே இல்லாம இருந்தது. டெர்மட்டோமயோசைட்டிஸ்னு நானே சொல்லி முடிக்கறதுக்குள்ள கேக்கறவங்க கொட்டாவி விட்டுடுவாங்க. வாதம்ம்பாங்க, பக்கவாதமாம்பாங்க, செய்வினைன்னு ஒருத்தர் எலுமிச்சம்பழத்தோட வந்தார். 2022 அக்டோபர் கடைசியில நம்ம பல்லாவரத்துப் பொண்ணு சமந்தா, கையில ட்ரிப்ஸ் ஏறிக்கினு இருக்கற போட்டோவைப் போட்டு, எனக்கு மயோசைட்டிஸ்னு சொன்னாங்க. பொண்ணு செல்போனைத் தூக்கிக்கினு ஓடி வந்தா. "அப்பா, அம்மாவோட நோயிப்பா!" ஒரே வாரம், ஊரே மாறிடுச்சு. ரேஷன் கடை வரிசையில, "சமந்தாவுக்கு வந்த நோயாமே அக்கா உனக்கு?"ன்னு மரியாதையா கேட்டாங்க. உக்கார இடம் குடுத்தாங்க. இவளுக்கும் ஒரு சின்ன பெருமை வந்துடுச்சு, நான் பாத்தேன். ஒரு நடிகை சொன்னாதான் நம்புவாங்களான்னு எனக்கு எரிச்சல்தான். இருந்தாலும் அந்தப் பொண்ணு நல்லா இருக்கணும்.

2024 பிப்ரவரியில இன்னொரு சேதி வந்தது. 'தங்கல்' படத்துல சின்ன பபிதாவா நடிச்ச சுஹானி பட்நாகர், 19 வயசு, தில்லி எய்ம்ஸ்ல இறந்துட்டா. இதே டெர்மட்டோமயோசைட்டிஸ். கை வீங்க ஆரம்பிச்சு ரெண்டு மாசம், எய்ம்ஸ்ல சேத்த பிறகுதான் நோயோட பேரே தெரிஞ்சதுன்னு அவங்க அப்பா பேட்டி குடுத்திருந்தார். நுரையீரல்ல தண்ணி கோத்துக்கிச்சாம். அன்னிக்கு செல்போனை நான் ஒளிச்சு வெச்சேன். ஒளிச்சு என்ன, டிவியில வந்துடுச்சு. ராத்திரி கேட்டா, "எனக்கும் ரெண்டு மாசம் ஆயிருந்தா?" எங்களுக்கு ஆனது அஞ்சு மாசம். நான் பதில் சொல்லல.

வெய்யில் படக்கூடாதுன்னு சொன்னதுதான் எங்களுக்குப் பெரிய கஷ்டம். வெய்யில் பட்டா தோல் மறுபடி கிளம்பும், தோலோட சேர்ந்து நோயும் கிளம்பலாம். விவசாயி பொண்டாட்டியை வெய்யில்ல போகாதேன்னா? சேலை மேல என் முழுக்கை சட்டை, தலையில துண்டு, காலையில ஆறுல இருந்து எட்டரை வரைக்கும் மட்டும் கொல்லை. முகத்துக்கு சன்ஸ்கிரீன். களைக்கு வந்த ஆளுங்க, "பியூட்டி பார்லரா அக்கா?"ன்னு கேட்டு, இப்ப அவங்களும் ரெண்டு சொட்டு வாங்கிப் பூசிக்கறாங்க. அந்த ட்யூப் என்ன விலைன்னு தெரிஞ்சா பூசமாட்டாங்க.

பலம் வந்த கதை தனி. தசை நோய்னா அசையாம படுத்திருக்கணும்னுதான் நான் நினைச்சிருந்தேன். அழற்சி அடங்க ஆரம்பிச்சதும் மெதுவா உடற்பயிற்சி பண்ணியே ஆகணும்னுட்டாங்க, இல்லன்னா இருக்கற தசையும் இளைச்சிடும், ஸ்டீராய்டே வேற தசையை இளைக்க வைக்கும். அரைக்கிலோ நெல்லைத் துணிப்பையில கட்டிக் குடுத்தேன், அதைத் தூக்கி இறக்குவா. எழுந்திரிக்கறதுக்கு எங்க வீட்டுலயே ஒரு கணக்கு. முதல்ல நாற்காலி மேல ரெண்டு தலகாணி போட்டு, அதுல இருந்து. அப்புறம் ஒரு தலகாணி. அப்புறம் வெறும் நாற்காலி. ஆறு மாசம் கழிச்சு திண்ணை. அப்புறம் கவுத்த உரல். ஒவ்வொரு உயரமும் எறங்கினப்ப எனக்கு ஏரி மட்டம் பாக்கற மாதிரி இருக்கும், ஆனா தலைகீழா. இது எறங்கினா சந்தோஷம். மணையில இருந்து எழுந்திரிக்க ஒன்றரை வருஷம் ஆச்சு. அதுக்குள்ள வெஸ்டர்ன் டாய்லெட் கட்டிட்டோம், வேற வழியில்ல.

இப்ப சி.பி.கே. கணக்குக்குள்ள நிக்குது. ஸ்டீராய்டு 5 மில்லி கிராம், ஞாயித்துக்கிழமை மாத்திரை தொடருது, மூணு மாசத்துக்கு ஒரு தடவை ரத்தம். முழுசா போயிடுச்சான்னு கேட்டா, அடங்கி இருக்குதும்பாங்க டாக்டரம்மா.

முந்தாநேத்து களையில ஆளுங்களுக்கு டீ கொண்டு வந்தவ, வரிசையில கடைசியா ஒரு களைக்கொத்தை எடுத்துக்கினு குந்திட்டா. வேணாம்னேன். கேக்கல. கால் பாத்தி கொத்தினா. எழுந்திரிக்கறப்ப ஒரு கையை மட்டும் தரையில ஊனினா. ஆளுங்க யாரும் திரும்பிப் பாக்கல, அவங்க பேச்சு வேற எங்கயோ இருந்தது. நான் வரப்புல நின்னு பாத்துகினு இருந்தேன்.

"இன்னாங்க, அங்கயே நிக்கறீங்க? அந்த டீ தூக்கை எடுத்துக்கினு வாங்க"ன்னா.

எடுத்துக்கினு போனேன்.